ஒன்பது டப்பாவும் இரண்டு இட்லியும்

வாசகி கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 38, எடை 52 கிலோ. இரண்டு வருடமாக வாரம் நான்கு நாள், நாளுக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். மூன்று மாதத்தில் ஹாஃப் மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். அரிசிச் சோற்றை நிறுத்திவிட்டேன். வே புரோட்டீன், ஸ்பைருலினா, முருங்கையிலை கேப்சூல், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல், அஸ்வகந்தா, கிரீன் டீ சாறு மாத்திரை, தண்ணீரில் கரையும் வைட்டமின் சி, முடிக்கு பயோட்டின் கம்மி, சியா விதை என ஒன்பது டப்பா வைத்திருக்கிறேன். வாரம் ஒரு வைட்டமின் டி மாத்திரையும் உண்டு. மாதம் ஏழாயிரம் ரூபாய் ஆகிறது. ஆனாலும் மூன்று மணிக்கு மேல் கண் சொருகுகிறது, முடி கொட்டுகிறது. ஆறு மாதமாக மாதவிடாய் 45, 50 நாள் என்று தள்ளிப்போகிறது. ஓடும்போது இடது முன்னங்காலில் எலும்பு வலிக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.2, எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி 78 என்று வந்தது. எலும்புக்கு கொலாஜன் பவுடரும் சேர்க்கலாமா? இருப்பதில் எதைத் தொடரலாம்?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கொலாஜன் வாங்க வேண்டாம். அதைவிட அவசரமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடது காலை மருத்துவர் பார்க்கும்வரை ஓட வேண்டாம்.

உட்கார்ந்து, இடது முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் மேலிருந்து கீழ் வரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். நீளமாகப் பரவலாக வலித்தால் தசையும் அதன் பற்றுதலும் களைத்திருக்கலாம். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். தொடக்கத்தில் இது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதனால் எலும்பு மருத்துவரிடம், "வாரம் இவ்வளவு தூரம் ஓடுகிறேன், மாதவிடாயும் தள்ளிப்போகிறது" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். கால் வலிக்குப் போகும் பெண்கள் இரண்டாவது விஷயத்தைச் சொல்வதே இல்லை. காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒரு நாள் சாப்பாட்டை எழுதியிருந்தீர்கள். டப்பாக்களின் பட்டியலைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஓட்டத்துக்கு முன் சியா ஊறிய தண்ணீர். எட்டரைக்கு இரண்டு இட்லி, சட்னி. மதியம் ஒரு கிண்ணம் தினைச் சாதமும் கூட்டும். நான்கு மணிக்கு டீ, இரண்டு பிஸ்கட். இரவு இரண்டு சப்பாத்தி, இல்லாவிட்டால் பவுடர் கலந்த பால். கை தாராளமாக வைத்துக் கணக்குப் போட்டேன். 1,200 கலோரியைத் தாண்டவில்லை.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், இந்தக் கணக்கையும் பாருங்கள். ஓட்டத்துக்குச் செலவாகும் கலோரி, சுமாராக, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று. 52 கிலோ எடையோடு பத்து கிலோமீட்டர் ஓடினால் 520. வரவில் அது போக மீதி 700 கலோரிகூட இல்லை. இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம், எலும்பைப் புதுப்பிப்பது, முடி வளர்ப்பது, மாதாமாதம் சினைப்பையை நடத்துவது எல்லாம் இந்த மீதியில்தான் நடந்தாக வேண்டும். ஓட்டமே இல்லாமல் மேசை வேலை மட்டும் பார்க்கும் 55 கிலோ பெண்ணுக்கே ஒரு நாளைக்கு 1,660 கலோரி வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நடுத்தர உழைப்பு என்றால் 2,130. (இந்த நிறுவனம் தொடங்கியது நம் குன்னூரில். பெரிபெரி நோயை ஆராய்வதற்காக 1918-ல் ஒரே அறையில் ஆரம்பித்து, பிறகு ஹைதராபாத்துக்குப் போனது.)

வரவு இப்படிக் குறைந்தால், உயிர் பிழைக்க உடனே தேவைப்படாத செலவுகளை உடம்பு நிறுத்திவைக்கும். முதலில் மாதவிடாய் தள்ளிப்போகும். அப்புறம் எலும்பு கட்டும் வேலை மந்தமாகும். முடி உதிரும், தூக்கமும் மனசும் கெடும். விளையாட்டு வீராங்கனைகளிடம் இதைப் பல காலமாகக் கண்ட சர்வதேச ஒலிம்பிக் குழு, 2014-ல் இதற்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. பதக்கம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். அதிகாலையில் எழுந்து ஓடி, வீட்டுக்கு வந்து டிபன் கட்டி, பஸ் பிடித்து வேலைக்குப் போகும் உங்களைப் போன்றவர்களிடம்தான் நான் இதை அதிகம் பார்க்கிறேன். மாதவிடாய் தள்ளிப்போக தைராய்டு, கர்ப்பம், சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றை மகப்பேறு மருத்துவர் பார்த்து ஒதுக்கட்டும்.

அடுத்தது இரும்புச்சத்து. 11.2 என்பதை லேபில் "கொஞ்சம்தான் கம்மி" என்று சொல்லியிருப்பார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே அது ரத்தசோகை. நீங்கள் இன்னும் பார்க்காத பரிசோதனை ஒன்று இருக்கிறது, ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் என்பது கையிலிருக்கும் பணம் என்றால், ஃபெரிட்டின் வங்கி இருப்பு. ஓடுகிறவர்களுக்கு இந்த இருப்பு வேகமாகக் கரையும். வியர்வையில் கொஞ்சம் போகும். பாதம் தரையில் மோத மோத ரத்தச் சிவப்பணுக்கள் கொஞ்சம் உடையும். கடுமையாக ஓடிய பின் மூன்று முதல் ஆறு மணி நேரம் வரை ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை உள்ளே எடுத்துக்கொள்வதையே குறைத்துவிடும். போதாததற்கு, முருங்கை கேப்சூலை நீங்கள் விழுங்குவது கிரீன் டீயோடு. தேநீரிலுள்ள டானின், இலையில் இருக்கிற சிறிது இரும்பையும் கட்டிப்போட்டுவிடும்.

அந்த முருங்கை கேப்சூலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் மருத்துவமனையின் உணவுப் பிரிவில் உணவு நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று உண்டு. நோயாளி ஒருவர் கொண்டுவந்த இதே மாதிரி டப்பாவிலிருந்து இரண்டு கேப்சூலைப் பிரித்து அதில் கொட்டினேன். ஒரு கிராம். தட்டின் ஓரத்தில் பச்சைத் தூள் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். முருங்கைக்கீரையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஆக, ஒரு கிராம் தூள் என்பது நான்கைந்து கிராம் பச்சைக் கீரை. ஒரு ஆள் பொரியலுக்கு நாம் உருவுவது ஐம்பது கிராம். அன்று வார்டில் இருந்த அம்மா ஒருவர் தராசை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மரத்துல ஒரு ஈர்க்கை உருவினாப் போதுமே கண்ணு" என்றார். அவர் சொன்ன கணக்கு சரி. கேப்சூலால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் கீரை சாப்பிட்டாகிவிட்டது என்ற நிம்மதியைக் கொடுத்து, கீரையைத் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

ஸ்பைருலினாவும் இதே கணக்கில்தான் வரும். அதன் எடையில் 60 சதவீதம் புரதம் என்று டப்பாவில் போட்டிருப்பது உண்மை. நீங்கள் சாப்பிடும் அரை கிராம் மாத்திரை ஆறையும் சேர்த்தால் மூன்று கிராம். அதில் புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. சைவர்களுக்கு பி12 கிடைக்கும் என்று கடையில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றும் வேறொரு பொருள், நம் உடம்பு அதைப் பயன்படுத்த முடியாது. முட்டையும் பாலும் அளவாகச் சாப்பிடும் உங்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு என்பதால், ரத்தத்தில் அதையும் பார்த்துவிடுங்கள். குறைந்திருந்தால் மருத்துவர் கொடுக்கும் மாத்திரையோ ஊசியோதான் சரி.

இனி, இன்றே நிறுத்த வேண்டியவை. மஞ்சள் கேப்சூல், அஸ்வகந்தா, கிரீன் டீ சாறு மாத்திரை. மூன்றும் ஈரலைப் பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் எஸ்.ஜி.பி.டி.யும் ஏறியிருக்கிறது.

ஈரோட்டுக்காரரிடம் மஞ்சளைக் குறை சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள், மண்டித் தெருவில் நடந்தாலே மணக்கிற மஞ்சள். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள். கேப்சூலில் இருப்பது வேறு. நூறு கிராம் மஞ்சளில் குர்குமின் என்ற சாரம் மூன்று கிராம் அளவுக்குத்தான் இருக்கும். நாள் முழுக்கச் சமையலில் நீங்கள் உண்ணும் அரை டீஸ்பூனில் 45 மில்லிகிராம் வரலாம். அதிலும் பெரும்பகுதியைக் குடல் உள்ளே விடாது. உங்கள் கேப்சூலில் 95 சதவீதம் பிரித்தெடுத்த குர்குமின் 500 மில்லிகிராம். கூடவே மிளகிலிருந்து எடுத்த பைப்பரின். பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு ஏறுகிறது என்று பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 1998-லேயே காட்டினார்கள். கேப்சூல் தயாரிப்பவர்கள் அதை விளம்பரமாகப் போடுகிறார்கள். ஈரலின் பக்கமிருந்து பார்த்தால் அதே எண்தான் பயத்தைத் தருகிறது. பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம் என்ற பாதுகாப்பு இந்த அளவுக்கும் இந்தச் சேர்க்கைக்கும் பொருந்தாது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மஞ்சள் கேப்சூலால் ஈரல் அழற்சி வந்தவர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனக்கே நேரில் பார்த்த அனுபவம் உண்டு. மூட்டு வலிக்காக மாதக்கணக்கில் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்ட ஒரு அம்மாவைக் கண்ணெல்லாம் மஞ்சளாக வார்டில் சேர்த்திருந்தார்கள். மருந்துப் பட்டியல் கேட்டபோது இதை அவர் சொல்லவே இல்லை, மருந்தென்று நினைத்தால்தானே சொல்வார். மூன்றாம் நாள் சாப்பாட்டுக் குறிப்பு எடுக்கப் போன என்னிடம், "காலையில வெதுவெதுன்னு தண்ணி, ஒரு மஞ்ச மாத்திரை" என்று ஆரம்பித்தார். அப்போதுதான் விஷயமே வெளியே வந்தது. நிறுத்திய சில வாரத்தில் தேறிவிட்டார்.

அஸ்வகந்தாவை டென்மார்க் 2023-ல் தடையே செய்துவிட்டது. நம் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் அமுக்கரா என்று அதைக் கொடுப்பது ஆளைப் பார்த்து, அளவு பார்த்து, காலம் வரையறுத்து. ஆன்லைனில் வாங்கி வருடம் முழுக்க விழுங்குவதை அந்த மருத்துவத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. தைராய்டு ஹார்மோனையும் அது ஏற்றக்கூடும். கிரீன் டீயைக் குடிப்பதில் ஆபத்தில்லை. அதைச் சுண்டக் காய்ச்சி மாத்திரையாக்கி, தேயிலைச் சாரமான ஈ.ஜி.சி.ஜி. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் ஈரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. எடை கூடக் கூடாதென்று நீங்கள் அதை எடுக்கிறீர்கள். உங்கள் எடைக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

பயோட்டின் கம்மியை ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், முடிக்காக அல்ல, ரத்தப் பரிசோதனைக்காக. அதிக அளவு பயோட்டின் தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளைப் பொய்யாக்கிவிடும். குறைபாடு இருந்தும் இல்லை என்று வரலாம், இல்லாதது இருப்பதாகவும் வரலாம்.

வைட்டமின் டி விஷயத்தில் உங்கள் மீது தவறில்லை, யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. 60,000 யூனிட் மாத்திரையை எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பத்து மாதமாகச் சாப்பிடுகிறீர்கள். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்துவிடுகிறார்கள். இது கொழுப்பில் கரைகிற வைட்டமின், மிஞ்சியதைச் சிறுநீரில் கழிக்க முடியாமல் உடம்பில் சேரும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். இப்போதைக்கு நிறுத்திவிட்டு, வைட்டமின் டி, கால்சியம் இரண்டையும் பாருங்கள்.

வைட்டமின் சி வில்லை ஒன்றில் 1,000 மில்லிகிராம். உங்களுக்கு ஒரு நாள் தேவை 65. ஒரு நல்ல கொய்யாக்காய் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தந்துவிடும்.

சியா விதை இருக்கட்டும். மெக்சிகோ பக்கத்து விதை, நார்ச்சத்தும் தாவர ஒமேகா-3 கொழுப்பும் நன்றாக உண்டு. நன்றாக ஊறவைத்துச் சாப்பிடுங்கள், உலர்ந்த விதையை அப்படியே வாயில் போட்டால் தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். தீர்ந்த பிறகு ஆளிவிதையை வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள், கால்வாசிச் செலவில் அதே வேலை நடக்கும். ஆனால் ஓடும் முன் வெறும் வயிற்றில் சியா தண்ணீர் வேண்டாம். அந்த நேரத்தில் வேண்டியது நார் அல்ல, எரிபொருள். ஒரு பூவன் பழமோ தேன்வாழையோ சாப்பிட்டுக் கிளம்புங்கள். சூப்பர் ஃபுட் என்ற சொல்லே நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் வாழைப்பழம் விற்கத்தான் பழக்கத்துக்கு வந்தது என்று சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கு அறிவியலில் வரையறை கிடையாது. தகுந்த ஆதாரம் காட்டி அனுமதி பெறாமல் அப்படி விளம்பரம் செய்யக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2007-லேயே விதி வைத்துவிட்டது.

வே புரோட்டீன் ஒன்றைப் பற்றித்தான் எனக்கு இரண்டு மனசு. சிறுநீரகம் ஆரோக்கியமாக இருப்பவருக்கு, ஒரு கரண்டியில் வரும் 24 கிராம் பால் புரதம் கேடு செய்யாது. ஆனால் கேரள மருத்துவர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்தபோது ஏறத்தாழ 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளில் போட்டபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லியும்கூட இருந்தன. உங்கள் டப்பாவைத் திருப்பி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, மூலிகைச் சாறு எதுவும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மூலிகை கலந்திருந்தால் வேண்டாம். வெறும் வே என்றால், சமைக்க முடியாத நாளுக்கென்று வைத்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக மட்டும் கூடாது.

உங்களைப் போல் ஓடுபவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.4 கிராம் புரதம் போதும். அதாவது 62 முதல் 73 கிராம். கொங்கு நாட்டுச் சமையலில் இதற்குத் தட்டுப்பாடே இல்லை. ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நான்கு இட்லி, தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசலோ பச்சைப்பயறுக் கடைசலோ நிறைய, ஒரு முட்டை. இதிலேயே இருபது கிராம் வந்துவிடும். பத்தரை பதினோரு மணிக்கு ஒரு கொய்யா, உப்புப் போட்ட மோர். மதியம் சோறு, தினையோ சாமையோ பிடித்தால் அதுவே இருக்கட்டும், கிண்ணம் மட்டும் பெரிதாகட்டும். மேலே கெட்டிப் பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு டம்ளர் தயிர். கீரைக்கு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். நான்கு மணிக்கு பிஸ்கட்டை விட்டுவிட்டு, ஒரு கைப்பிடி நிலக்கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ ஒரு டப்பாவில் ஆபீசுக்குக் கொண்டுபோங்கள். மூன்று மணிக்குக் கண் சொருகுவதில் பாதி, மதியம் தட்டில் விழுந்தது போதாமல் வருவது.

இரவுக்கு அரிசிம்பருப்புச் சாதம். உங்கள் ஊர்ச் சமையலறையில் அரை மணியில் ஆகிற சாப்பாடு. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தைத் துவரம்பருப்பு நிரப்புகிறது, பருப்பில் குறைவாக இருப்பதை அரிசி ஈடுகட்டுகிறது. ஒரு ஸ்பூன் நெய் விட்டு, வயிறு நிறையச் சாப்பிடுங்கள். அரிசி உங்களுக்கு எதிரி என்று சொன்னவர் யாரென்று தெரியவில்லை. வாரம் நாற்பது கிலோமீட்டர் வரை ஓடும் காலுக்கு அரிசி வேண்டும். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ராகிக் களியோ கூழோ சேர்த்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் ராகியில் கால்சியம் சுமார் 350 மில்லிகிராம் இருக்கும். எள்ளுருண்டையும் கணக்கில் வரும். எலும்புக்கு நீங்கள் தேடிய கொலாஜன், குடலுக்குள் போனதும் மற்ற புரதம் போலவே செரிந்து அமினோ அமிலங்களாகிவிடும். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது, ஆகவே கடலையின் இடத்தைக்கூட அது நிரப்பாது.

திடீரென்று இவ்வளவும் சாப்பிட வயிறு இடம் தராது. முதல் வாரம் காலைச் சாப்பாட்டை மட்டும் சரி செய்யுங்கள், அடுத்த வாரம் மாலை, பிறகு மதியமும் இரவும். எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். கூட வேண்டும். மாதவிடாய் திரும்புவதற்குச் சில மாதங்கள் பிடிக்கலாம். மூன்று மாதத்தில் வரும் ஹாஃப் மாரத்தானை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. இரண்டு வருட உழைப்பு, உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். விரிசலோடு ஓடி எலும்பு முறிந்தால் அதற்கடுத்த பந்தயமும் போகும்.

பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பிருந்து கடுமையான உடற்பயிற்சி எதுவும் வேண்டாம், நீண்ட ஓட்டமே எஸ்.ஜி.பி.டி.யைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். எப்படியும் ஓடப் போவதில்லை என்பதால் அது தானாக நடக்கும். பயோட்டினை நிறுத்தியும் அந்த ஒரு வாரம் ஆகியிருக்கும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஈரல் நொதிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். ஈரல் நொதிகளை மட்டும் அடுத்த மாதம் இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதற்குள் கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், அரிப்போ வாந்தியோ வந்தால், காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இரும்பு மாத்திரையின் அளவை மருத்துவரே சொல்லட்டும். தினமும் வேண்டுமா, ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமா என்று கேளுங்கள், விட்டு விட்டுக் கொடுக்கும்போது குடல் நன்றாக ஏற்பதாக ஆய்வுகள் இருக்கின்றன. கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது பெயர்களை எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஒன்பது டப்பாவையும் அந்த வைட்டமின் டி அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டுபோய் மேசையில் வையுங்கள். லேபிளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை அவர் படிக்க வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் ஃபெரிட்டின் எண்ணையும், ஒரு வாரச் சாப்பாட்டையும் எனக்கு எழுதுங்கள்.